அவர் தைத்த பொத்தான்

எங்கள் காதல் கதையின் முதல் பாகம் இந்தத் தையல் கூடத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். புதிதாக வேலைக்கு வருகிறவளுக்குக் கத்தரி எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்னால் அதைத்தான் சொல்வார்கள். நான் தைத்த பட்டாளத்துக் கோட்டை அவர் போட்டுப் பார்த்தாராம். காது மடல் சிவந்து அப்படியே நின்றாராம். கோட்டைக் கழற்றாமலேயே கூடத்தின் குறுக்கே நடந்து என் மேசைக்கு வந்து, "இத நீங்கதானே தச்சீங்க?" என்று கேட்டாராம். கேட்கிறவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு "அடடா" என்பாள். சொல்கிறவள் அங்கேயே கல்யாணத்தைப் பண்ணிவைத்துக் கதையை முடித்துவிடுவாள். அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இரண்டாம் பாகத்தை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் நூல் மனதைப் பிடித்துக்கொள்ளும். தைக்கும்போது தைக்கிறவளுக்குள் என்ன இருக்கிறதோ அது தையலில் இறங்கிவிடும். உடுத்துகிறவர் அதை உடம்பில் உணர்வார். மாமியாரோடு சண்டை போட்டுவிட்டுத் தைத்த தலையணை உறையில் தலை வைத்தால் தூக்கம் வராது. அதனால் சண்டை போட்டவர்கள் ஊசியைத் தொட மாட்டார்கள், பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பாத்திரம் ரொம்பப் பளபளத்தால் அந்த வீட்டுப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

மலைக்கணவாயில் சண்டை தொடங்கி இரண்டு குளிர்காலம் ஆகிறது. அதிலிருந்து எங்கள் கூடத்தில் பட்டாளத்துக் கோட்டைத் தவிர வேறு எதுவும் தைப்பதில்லை. எல்லாம் கைத்தையல். முதுகும் கையும் தைக்கும்போது மனதில் தைரியம் இருக்க வேண்டும். கடைசியில் கழுத்துப்பட்டி வைக்கும்போது மட்டும் கொஞ்சம் பயப்பட வேண்டும். வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து பயப்படுவோம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, கூரை ஒழுகினால் எங்கே போவது என்று. பயமே இல்லாத கோட்டைப் போட்டவன் குனிய வேண்டிய இடத்தில் குனிய மாட்டான். கழுத்தில் கொஞ்சம் பயம் இருந்தால்தான் தலை தானாகத் தாழும்.

இப்படித் தைத்த ஒவ்வொரு கோட்டையும் உடுத்திச் சரிபார்ப்பதுதான் என் வீட்டுக்காரர் வேலை. கூடத்தில் அவருக்குப் பெயரே 'போட்டுப்பாக்கறவர்'தான். கூடத்தின் கோடியில் ஓர் அறை, ஒரு நிலைக்கண்ணாடி, மூன்று ரப்பர் முத்திரை. கோட்டைப் போடுவார், கண்ணை மூடிக்கொண்டு பத்து எட்டு நடப்பார், கழற்றுவார், முத்திரை குத்துவார். தேறியது, திருப்பித் தை, பிரித்துவிடு. பதினோரு வருஷமாக அடுத்தவர் மனதைப் போட்டுப் போட்டுக் கழற்றுகிற மனுஷன். அவரிடம் யாரும் பொய் சொல்ல முடியாது என்று கூடமே சொல்லும். அவர் பொய் சொல்வார் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

என் தம்பி பட்டாளத்தில் இருந்தான். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினாறு. நான் வளர்த்த பிள்ளை. குழாய் ரிப்பேர் பழகி, நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்த நேரத்தில் ஆள் எடுக்க வந்துவிட்டார்கள். "அக்கா, உன் வாயை அனுப்பினாலே போதும், எதிரி ஓடிடுவான். என்னை எதுக்குக் கூப்பிடறாங்க?" என்று சிரித்துக்கொண்டேதான் போனான். எனக்குக் கல்யாணமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஐந்து மாதம் அடிவாரத்து முகாமில் வைத்திருந்தார்கள், பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் வந்தது. பிறகு கணவாய்க்கு மேலே அனுப்பினார்கள். அதன் பிறகு மூன்று மாதம் ஒன்றுமே இல்லை.

நான் கேட்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், "கணவாய் பனியில அடைஞ்சு கிடக்கு, தபால் எப்படி வரும்?" என்பார். போன மாதம் ஒரு நல்ல சேதியே கொண்டுவந்தார். லாரி டிரைவர் ஒருவர் அவனைப் பார்த்தாராம். நன்றாக இருக்கிறானாம், கொஞ்சம் இளைத்திருக்கிறானாம். அந்த இளைத்திருக்கிறானாம் என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் நம்பினேன். வெறும் நல்ல சேதியாக மட்டும் இருந்தால் எனக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். அன்று முழுக்கக் கூடத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய், இளைச்சிருக்கானாம், இளைச்சிருக்கானாம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் எழுந்தபோது நன்றாகத்தான் இருந்தேன். குளித்துவிட்டு வந்து மேல்சட்டையை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன், அப்போது பிடித்தது. எதற்கென்றே தெரியாமல் ஒரு பயம். கூடத்துக்கு வந்து உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஊசியில் நூல் கோத்தேன், எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கண் வாசலுக்கே போனது. யாரோ வந்து என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறார்கள் என்று ஒரு பதைப்பு. நான் என்ன செய்தேன் பிடிப்பதற்கு?

"உக்காருடி. காலுக்கு அடியில எறும்புப் புத்தா இருக்கு?" என்றாள் காஜாக்கா.

காஜாக்கா என் பக்கத்து மேசை. பொத்தானுக்கு ஓட்டை போட்டு நூல் சுற்றுகிற காஜா வேலையில் அவளை அடிக்க ஆள் இல்லை. அவள் மகனும் என் தம்பியும் ஒரே லாரியில் ஏறிப் போனவர்கள், ஒரே குழு. அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துத்தான் அன்றைய நாள் எப்படி என்று தெரிந்துகொள்வோம்.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். ஒன்றுமில்லாமல் இல்லை. அந்தப் பதைப்பைவிடக் கொடுமை இன்னொன்று இருந்தது. என்மேலேயே எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஊசி பிடித்த என் விரலைப் பார்த்தால் ஐயோ பாவம் என்று தோன்றியது. நான் என்மேல் எரிச்சல்படுவேன், சில நாள் என்னைத் திட்டிக்கூடக் கொள்வேன், ஆனால் பரிதாபப்படுகிற ஜாதி நான் இல்லை. பத்து மணிக்குள் ஒரு கோட்டை எப்படியோ முடித்து அவர் அறைக்கு அனுப்பினேன். அது திரும்பி வரவே இல்லை. தேறியது என்றும் வரவில்லை, தேறவில்லை என்றும் வரவில்லை.

மத்தியானம் டீ வந்தபோது காஜாக்கா என் கழுத்துக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"இது யாரு போட்ட பொத்தான்?"

"எது?"

"மேல் பொத்தான்தான். நாலு ஓட்டையில மூணுலதான் நூல் போயிருக்கு. பின்னாடி முடிச்சு வேற கொய்யாக்காய் கணக்கா இருக்கு. கண்ணை மூடிட்டுப் போட்டாக்கூட நீ இப்படிப் போட மாட்டியே."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தைய நாள் அந்தப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. காலை அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. மேல்சட்டையைக் கழற்றினேன். சட்டென்று எல்லாம் நின்றது. பதைப்பு, பரிதாபம், வாசலைப் பார்ப்பது, ஒன்றும் இல்லை. மறுபடி மாட்டினேன், வந்து உட்கார்ந்துகொண்டது. கழற்றினேன், போய்விட்டது. மூன்றாவது தடவை மாட்டியபோது சிரித்துக்கொண்டிருந்த காஜாக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் தைத்திருக்கிறார். போட்டுப்பார்க்கிறவர் ஊசியைத் தொடக் கூடாது என்று அவர் அறையிலேயே பெரிய எழுத்தில் பலகை தொங்குகிறது. பதினோரு வருஷத்தில் அவர் தொட்டதும் இல்லை. பொண்டாட்டி குளிரில் கழுத்து திறந்து போகக் கூடாதே என்று ஆசையாகத் தைத்திருப்பார். ஊர் மனதையெல்லாம் உடுத்திப் பார்த்தவருக்குத் தனக்கும் ஒரு மனது இருப்பது மறந்துபோயிருக்கிறது.

நூல் வார்த்தை பேசாது. அவருக்குப் பயம், என்னிடம் எதையோ மறைக்கிறார், என்மேல் பரிதாபம், அவ்வளவுதான் தெரிந்தது. அது போதும். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட என்ன இருக்கிறது? கை கால் இருக்கிறது, வேலை இருக்கிறது, புருஷன் இருக்கிறார். நான் இழக்கக்கூடியது உலகத்தில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேல்சட்டையைக் காஜாக்கா மேசையிலேயே போட்டுவிட்டு நடந்தேன்.

கதவைத் தட்டவில்லை. அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தார். காலையில் நான் அனுப்பிய கோட்டு அவர் உடம்பில் இருந்தது.

"எவ்வளவு நேரமா போட்டிருக்கீங்க?"

"பத்து மணியிலேருந்து."

"என்ன இருக்கு அதுல?"

"நான் இருக்கேன்" என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "போட்ட உடனே தெரிஞ்சுடுச்சு. பொத்தான் ஞாபகம் அப்பதான் வந்துச்சு. வந்து சொல்லலாம்னு நாலு தடவை கதவு வரைக்கும் வந்தேன்."

"தம்பி எங்கங்க?"

அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"டிரைவர் பாத்தாரா இல்லையா?"

"டிரைவர்னு யாரும் இல்ல."

"இளைச்சிருக்கான்னு சொன்னீங்க."

"நீ நம்பணும்னு சொன்னேன்."

எட்டு மாதமாக நீங்க, வாங்க என்று பழகிய வாய் அந்த இடத்தில் நீ என்று இறங்கியது. இன்றுவரை ஏறவில்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மூணு மாசம்." கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "திரும்பி வந்த மூட்டையில இருந்துச்சு. கழுத்துப்பட்டியில அவன் நம்பரைப் பாக்கறதுக்கு முன்னாடியே உன் தையல்னு தெரிஞ்சுடுச்சு."

மேலே செத்துப்போகிறவர்களின் கோட்டுகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வரும். துவைத்து, ஓட்டையை அடைத்து, அவர் போட்டுப் பார்த்து, வேறு ஒருவனுக்குப் போகும். அது எங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் எங்கள் வீட்டு ஆள் என்றால் முதலில் எங்களுக்குச் சேதி வரும் என்று நினைத்திருந்தோம்.

"பனி முடியற வரைக்கும் கூடத்துல யாருக்கும் சேதி சொல்லக் கூடாதுன்னு உத்தரவு" என்றார். "சேதி தெரிஞ்சவ நாப்பது நாள் ஊசி தொட முடியாது. கோட்டு யாரு தைப்பாங்கன்னு கேக்கறாங்க."

"ஓ. கோட்டு வேலை நிக்கக் கூடாதுன்னு என் காதுல பூ சுத்தியிருக்கே."

"உத்தரவுக்காகச் சொல்லாம இருந்தது முதல் நாள் மட்டும்தான். அதுக்கப்புறம் பயம். நீ சிரிச்சுக்கிட்டே தட்டை வைப்பே. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு..."

"நாளைக்கு நாளைக்குன்னு தொண்ணூறு நாள். நீ மனுஷனா?"

எனக்கு அழுகை வரவில்லை. கால் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கதவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அவர் நடக்கிற அந்தப் பத்து எட்டை நான் நடந்துகொண்டிருந்தேன்.

"அவன் கோட்டை எடு."

"அது மட்டும் வேணாம்."

அந்தக் குரலில் இன்னொரு பயம் இருந்தது. பொத்தான் இல்லாமலேயே எனக்குக் கேட்டது. அலமாரியை நானே திறந்தேன். கீழ்த்தட்டில், மற்ற கோட்டுகளுக்கு அடியில், மடித்து வைத்திருந்தார். இடது கைக்குக் கீழே சின்னதாக ஓர் ஓட்டை. வேறு எவனுக்கும் கொடுக்காமல் மூன்று மாதம் ஒளித்து வைத்திருக்கிறார். நான் அதை மாட்டிக்கொண்டேன்.

என் தம்பி அதில் இல்லை. போட்டவன் மனது கோட்டில் தங்காது, தைத்தவள் மனதுதான் தங்கும். அதில் இருந்தது நான். எட்டு மாதத்துக்கு முந்தைய நான். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத நான். துணி காயப்போடும்போது இவர் ஏதோ பாட்டை மூக்கால் முனகுவார், அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே கோட்டின் கையைத் தைத்திருந்தேன். சாயங்காலம் எப்போது வரும் என்று ஏங்கிக்கொண்டே முதுகைத் தைத்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உடம்பெல்லாம் வெதுவெதுவென்று பரவியது. எதிரில் நின்ற அந்த மனுஷனைப் பார்த்தேன், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தம்பி செத்த சேதியைக் கேட்டுக் கால் மணி நேரம் ஆகவில்லை.

பிறகு கழுத்துப்பட்டியை உணர்ந்தேன். அங்கேயும் அதே சந்தோஷம்தான். பயம் மருந்துக்குக்கூட இல்லை.

"இது எப்படித் தேறிச்சு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"உன்னைத்தான் கேக்கறேன். கழுத்துல பயம் இல்லன்னு உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"திருப்பித் தைன்னு ஒரு முத்திரை குத்தியிருந்தா அரை மணி நேர வேலை. பட்டியைப் பிரிச்சு வேற வெச்சிருப்பேன். அரை மணி நேரம்!"

"முழுக்க முழுக்க என்னை நினைச்சுத் தச்சிருந்தே" என்றார். அழுதுகொண்டிருந்தார். "பதினோரு வருஷமா எத்தனையோ பேர் மனசைப் போட்டிருக்கேன். எதுலயும் நான் இருந்ததில்ல. உன் கோட்டுலதான் மொதல்ல என்னைப் பாத்தேன். இதுல ஒரு அங்குலம்கூட நான் இல்லாம இல்ல. அதுமேல தப்புன்னு குத்த எனக்குக் கை வரல. அவன் கோட்டுன்னு தெரியாது. சத்தியமா தெரியாது."

"வேற எவனோ கோட்டுன்னா பரவாயில்லையா?"

திரும்பி வருகிற ஒவ்வொரு கோட்டோடும் ஒரு சீட்டு வரும். கோட்டு எப்படி உழைத்தது என்று மேலே இருக்கிற அதிகாரி எழுதி அனுப்புவது. என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். சொல்ல வைத்தேன்.

"சுட ஆரம்பிச்சதும் எல்லாரும் படுத்துட்டாங்களாம். அவன் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போறவன் மாதிரி நிமிந்து நடந்து போனானாம்."

அந்தக் கோட்டு உடம்பில் இருந்தவரை என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. நாக்கு எழுந்தால் மனது இடம் கொடுக்கவில்லை. கழற்றினேன். கோபம் எனக்கு வேண்டியிருந்தது. கழற்றியதும் வந்தது, நல்ல வேளையாக நிறையவே வந்தது. ஆனால் அதில் பாதி என் பக்கமே திரும்பியது. முத்திரை குத்தியது அவர் கை, தைத்தது என் கை. என் தம்பிக்கு நான் பயத்தைக் கொடுத்தனுப்ப மறந்திருக்கிறேன். கூடத்தில் முகம் தெரியாத எவனுக்கெல்லாமோ உட்கார்ந்து பயப்பட்டவள், சொந்தத் தம்பி கோட்டுக்குப் பட்டி வைக்கும்போது புருஷனை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"மத்த சீட்டெல்லாம் எங்க?" என்றேன்.

"எந்தச் சீட்டு?"

"எனக்கு மட்டுமா உத்தரவு? இந்தக் கூடத்துல அறுபது பேர் இருக்கோம்."

அவர் கண் மேசை டிராயருக்குப் போய் வந்தது.

"அது வெளிய போனா நாளைக்கே என்னை மேல அனுப்பிடுவாங்க."

"தெரியும்."

"உனக்கு நான் வேணாமா?"

"வேணும்" என்றேன். அது பொய் இல்லை, அதுதான் என் தலையெழுத்து. "நீ வேணும். ஆனா உன்னை நம்ப முடியாது. ரெண்டையும் வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு அப்புறமா பாத்துக்கறேன். டிராயரைத் திற."

நான் பிடுங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன். அவரே திறந்தார், அவரே எடுத்துக் கொடுத்தார். பதினான்கு சீட்டு, எல்லாம் எங்கள் கூடத்துக்காரர்கள் வீட்டு ஆட்கள். என் தம்பிக்கு அடுத்த சீட்டு காஜாக்கா மகனுடையது. அதே நாள்.

"நானும் கூட வரேன்" என்றார்.

"வா. ஆனா வாயைத் திறக்காதே. இனிமே உன் வாயால வர்ற எதையும் இவங்க கேக்க வேணாம்."

கூடத்துக்குள் நுழைந்தேன். அறுபது பேரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். என் மேசையிலிருந்து அந்த அறைக்கு எப்படி நடந்து போனேன் என்றே தெரியாது. திரும்பி வந்த நடையில் ஒவ்வொரு மேசையும் கண்ணில் பட்டது. சீட்டில் தங்கள் வீட்டு ஆளின் பெயர் இருந்தவர்களில் சிலர் என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தார்கள்.

காஜாக்கா நிமிர்ந்தாள். "என்னடி, என்ன சொன்னார் பொத்தான் போட்ட மகராசன்?" என்றவள் என் முகத்தையும், பின்னால் நின்ற அவரையும், என் கையில் இருந்த சீட்டுகளையும் பார்த்தாள். குரல் இறங்கியது. "உன் தம்பிக்கு ஏதாவதா?"

தலையை ஆட்டினேன்.

"ஐயோ." அவள் கை என் கையைத் தேடி வந்தது. பிறகு, என்னை ஆறுதல்படுத்தி முடிப்பதற்கு முன்பாகவே, அவளால் அடக்க முடியாமல் வந்துவிட்டது. "என் பையனைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"

அப்போது என் நாக்கில் தயாராக வந்து நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குக் குளிரெடுக்கிறது. பாத்தாங்களாம் அக்கா, நல்லா இருக்கானாம், கொஞ்சம் இளைச்சிருக்கானாம். அவ்வளவு சுலபமாக, அவ்வளவு அன்பாக வந்து நின்றது. சொல்லியிருந்தால் அவள் முகம் மலர்ந்திருக்கும். நானும் அன்று ஒரு நாள் தப்பியிருப்பேன். பின்னால் நின்றவருடைய மூச்சு கேட்டது. அவர் எப்படிச் செய்தார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

காஜாக்கா மடியில் இருந்த கோட்டில் கடைசி காஜா பாதியில் இருந்தது. நான் அவளுக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அவள் விரலைப் பிரித்து ஊசியை வாங்கிக்கொண்டேன். ஒருத்தி கையிலிருந்து ஊசியை வாங்குகிறார்கள் என்றால் எதற்கு என்று எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து மேசையில் கை நின்றது, அதற்கு அடுத்த மேசையிலும் நின்றது.

"குடுடி" என்றாள் காஜாக்கா, என் முகத்தைப் பார்க்காமல், கையை மட்டும் நீட்டி. "இன்னும் நாலு தையல்தான் இருக்கு. முடிச்சுட்டுக் கேட்டுக்கறேன்."

நான் கொடுக்கவில்லை.